தடுமாற்றமும் அச்சமும்: வலியோடு வாழும் பெண்களை நிற்கப் பழக்குவது

(பீடோங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு தாயின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. கெடா தோட்டங்களின் கதையை நாம் ஓரளவு மேடைகளில் சொல்லி வருகிறோம். ஹார்வர்டு தோட்டத்தில் தொண்டர் படை என்ற இயக்கம் எழுந்ததைச் சொல்கிறோம். 1947-இல் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நம்மவர்கள் திரண்டதைச் சொல்கிறோம். விடியுமுன் எழுந்து, தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரை நிரையாக மரம் வெட்டி, காண்டாத் தடியில் பால் சுமந்த பெண்கள் ஐம்பது, அறுபது வயதில் எப்படி நடக்கிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது அந்த மேடைகளில் அதிகம் வருவதில்லை. நான் பிசியோதெரபி வேலை பார்ப்பவள். என் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஃபைப்ரோமயால்ஜியா என்னும் வலி நோய். அந்த நோய் உள்ள பெண்களுக்கு நிற்பதிலும் நடப்பதிலும் திரும்புவதிலும் வரும் தடுமாற்றம், அதோடு கூடவே வளரும் அசைவு பற்றிய அச்சம், இவ்விரண்டும்தான் என் பொருள். நான் சொல்ல வந்தது ஒன்றே. இந்தப் பெண்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. "ஒன்றும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி அதைப் போக்க முடியாது. நிற்கப் பழக்கித்தான் போக்க முடியும்.

ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் ஒருவர் அல்லர். யாருடைய அடையாளமும் தெரியக்கூடாது என்பதற்காகப் பலரிடம் கண்டதை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. பதினைந்து வயதில் அம்மாவுக்குத் துணையாகத் தீம்பாருக்கு, பால்மரக் காட்டுக்கு, போனவர். கல்யாணத்துக்குப் பிறகு தோட்டம் துண்டாடப்பட்டதும் சுங்கைப்பட்டாணியில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. இப்போது தாமான் குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கிறார். ஏழெட்டு ஆண்டுகளாக உடம்பு முழுக்க வலி. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கை, துடை என்று ஓரிடத்தில் நில்லாத வலி. படுத்தால் தூக்கம் வரும், ஆனால் எழுந்தால் தூங்கிய மாதிரி இருக்காது. கோடாலித் தைலம் தீர்ந்துகொண்டே இருக்கும். சுளுக்கு எடுப்பவரிடம் போயாயிற்று, உருட் மசாஜ் பார்த்தாயிற்று, எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்று வந்தது. அது சரி என்று வந்ததுதான் அவருக்குப் பெரிய அவமானம்.

அவர் சமையலறையில் நிற்பதைப் பாருங்கள். அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை எடுத்து சிங்க் பக்கம் திரும்ப வேண்டும். இடையில் இரண்டு எட்டு தூரம். முதலில் சட்டியை மேசையில் வைக்கிறார். இடது கையால் ஐஸ்பெட்டியின் கைப்பிடியைப் பிடிக்கிறார். தலையைத் திருப்பாமல் உடம்பு மொத்தத்தையும் சின்னச் சின்ன எட்டுகளாக வைத்துத் திருப்புகிறார். கண் தரையை விட்டு அகலவில்லை. திரும்பி முடித்த பிறகுதான் கையை எடுக்கிறார். மருமகள் ஓடிவந்து, "அத்தை, நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்கிறாள். அன்பாகத்தான் சொல்கிறாள். அத்தை உட்கார்ந்துவிடுகிறார்.

கிளினிக்கில் அவரிடம் எத்தனையோ முறை "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். "தடுமாறுகிறதா? போன ஆறு மாதத்தில் விழுந்தீர்களா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. வலிக்கு வந்த இடத்தில் தள்ளாட்டத்தைப் பற்றிச் சொன்னால் இன்னொரு நோயைக் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம்.

இனி நோயைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொண்ட கதை நேரானது அன்று. 1904-இல் லண்டனில் வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இடுப்பு வலி பற்றிய விரிவுரையில் இத்தகைய வலிக்குத் தசை இழைகளின் அழற்சியே காரணம் என்று கருதி ஒரு பெயர் சூட்டினார். பின்னால் தேடிப் பார்த்தபோது அழற்சி எதுவும் அகப்படவில்லை. அதனால் நோயே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 1970-களில் கனடாவின் டொரொன்டோவில் ஸ்மைத், மோல்டோஃப்ஸ்கி என்ற இருவர் இந்த வலியையும் கெட்டுப்போன தூக்கத்தையும் இணைத்துப் பார்த்தார்கள். 1990-இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி தன் முதல் வரையறையை வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் உடம்பெங்கும் வலி இருக்க வேண்டும், குறித்த 18 இடங்களை விரலால் அழுத்தினால் 11 இடங்களிலாவது வலிக்க வேண்டும் என்பது அந்த வரையறை. 2010-இல் விரலால் அழுத்தும் முறையைக் கைவிட்டு, வலியுள்ள இடங்கள் எத்தனை, களைப்பு, தெளியாத தூக்கம், மறதி எவ்வளவு என்று கேட்டு மதிப்பிடும் முறை வந்தது. 2016-இல் அதையும் திருத்தினார்கள்.

இது பெண்களின் நோய் என்று சொல்வதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய முறைப்படி பார்த்த மருத்துவமனைகளில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்களாக இருந்தார்கள். அழுத்தினால் பெண்களுக்குச் சீக்கிரம் வலிக்கும் என்பதால் அந்த முறையே பெண்களைக் கூடுதலாகப் பிடித்தது. புதிய முறையில் ஆண்களும் நிறையவே அகப்படுகிறார்கள். அப்படியிருந்தும் பெண்களே அதிகம். உலக அளவில் நூற்றுக்கு இரண்டிலிருந்து நான்கு பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. பால்மரம் வெட்டியதால் இது வந்தது என்று நான் சொல்லவில்லை. பள்ளி ஆசிரியைக்கும் வருகிறது, வங்கியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் வருகிறது. ஆனால் ஒரு பெண் எந்த உடம்போடு, எந்த வீட்டில், எந்தத் தரையில் இந்த நோயைச் சுமக்கிறாள் என்பதை அவள் வாழ்ந்த வாழ்க்கை தீர்மானிக்கிறது.

இது கற்பனை வலி என்று இன்னும் நம்புகிறவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2002-இல் அமெரிக்காவில் கிரேஸ்லியும் அவருடைய குழுவினரும் நோயுள்ளவர்களையும் நோயில்லாதவர்களையும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, கட்டைவிரல் நகத்தை அளந்து அழுத்தினார்கள். நோயுள்ளவர்களுக்கு இலேசாக அழுத்தியபோதே மூளையில் வலியின் பகுதிகள் விழித்துக்கொண்டன. நோயில்லாதவர்களுக்கு அதே அளவு விழிப்பு வர ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்த வேண்டியிருந்தது. வலி கூட்டிச் சொல்லப்படவில்லை, உள்ளேயே கூடித்தான் வருகிறது. 2021-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி, லிவர்பூல், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புரதங்களைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். அழுத்தத்தையும் குளிரையும் அந்த எலிகளால் தாங்க முடியவில்லை. காலின் பிடிவலிமை குறைந்தது. நடமாட்டமும் குறைந்தது. சில வாரங்களில் சரியாயின. நோய் முழுவதற்கும் விளக்கம் இதில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அசையாமல் ஒடுங்கிக் கிடந்த அந்த எலிகளைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் அம்மாக்களை மட்டும் சொல்லியிருக்கிறோம்.

தடுமாற்றத்துக்கு வருகிறேன். நாம் நேராக நிற்பது சும்மா நடக்கிற காரியம் இல்லை. கண் ஒரு செய்தி தருகிறது. உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களும் நுண்கற்களும் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கின்றன. உள்ளங்காலின் தோல், கணுக்கால், கெண்டைக்கால் தசை, கழுத்துத் தசை இவை மூன்றாவது செய்தி. மூளை மூன்றையும் ஒப்பிட்டு, கணுக்காலில் இருக்கும் தசைகளுக்கு நொடிக்கு நொடி சின்னச் சின்னக் கட்டளை அனுப்புகிறது. நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் முன்னும் பின்னும் இலேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்ணுக்கு இதில் பல இடங்களில் சிக்கல். கழுத்திலும் காலிலும் ஓயாத வலி, தசைகளிலிருந்து வரும் செய்தியைக் குழப்புகிறது. துடைத் தசையில் வலுக் குறைந்திருக்கிறது. இரவில் தூக்கம் இல்லாததால் கவனம் மங்குகிறது. நடந்துகொண்டே பேசச் சொன்னால் நடை தளர்கிறது. தள்ளாட்டம் வெளியே தெரியாதபடி கண்ணை மட்டுமே நம்பி நிற்கப் பழகிவிடுகிறார்கள். முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளுகிறது என்று சொல்வது அதனால்தான். கரண்ட் போன இரவில் கட்டிலை விட்டு இறங்க மாட்டார்கள்.

2007-இல் பென்னட்டும் குழுவினரும் இந்த நோயுள்ள 2,596 பேரிடம் கேட்டபோது 45 விழுக்காட்டினர் சமநிலைச் சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர். ஆனால் நான் மேலே சொன்ன வரையறைகள் எதிலும் தடுமாற்றம் இடம்பெறவில்லை. 2009-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிம் ஜோன்ஸ், ஃபே ஹோராக் ஆகியோர் நோயுள்ள 25 பேரையும் நோயில்லாத 27 பேரையும் வைத்துச் சோதித்தார்கள். சமநிலையின் ஒவ்வொரு கூறிலும் நோயுள்ளவர்கள் பின்தங்கினார்கள். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் விழுந்த கணக்கையும் கேட்டார்கள். நோயில்லாதவர்கள் எல்லாரும் சேர்ந்து 6 முறை, நோயுள்ளவர்கள் 37 முறை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்த 37-க்குப் பின்னால் எத்தனை குளியலறைகள், எத்தனை படிக்கட்டுகள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நம் வீடுகளைப் பாருங்கள். குளியலறையில் வழுவழுப்பான ஓடு, எப்போதும் ஈரம். காலில் தேய்ந்த ஜப்பான் சிலிப்பர். வாசலில் லோங்காங் வாய்க்காலைத் தாண்டி ஓர் எட்டு. கோயிலில் ஈரக் கல் தரையில் வெறுங்காலோடு சுற்றி வர வேண்டும், தீபாராதனை வரும்போது கூட்டம் பின்னாலிருந்து நெருக்கும். தைப்பூசத்துக்கு சுங்கைப்பட்டாணி போகாமல் நின்றுவிட்ட பெண்கள் பலரை எனக்குத் தெரியும். கேட்டால் "வயசாச்சு" என்பார்கள். உண்மையில் கூட்டத்தில் யாராவது தோளில் இடித்தால் நிலைகொள்ள முடியாது என்ற பயம்.

அச்சத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, அசைந்தால் உள்ளே ஏதோ கெட்டுவிடும், வலி கூடிவிடும் என்ற பயம். இன்னொன்று, விழுந்துவிடுவோம் என்ற பயம். முதல் பயத்தை அசைவு அச்சம் என்ற பெயரில் 1990-இல் கோரி, மில்லர், டாட் என்ற மூவர் விவரித்தார்கள். அதை அளக்க டாம்பா அளவுகோல் உண்டு. 17 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். 17-இலிருந்து 68 வரை வரலாம். 37-க்கு மேல் போனால் அச்சம் மிகுதி என்று கொள்வது வழக்கம். அந்தக் காகிதம் பயனுள்ளது. ஆனாலும் அதைவிட "எதுக்கு அக்கா பயப்படறீங்க?" என்று நேரே கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது நல்லது என்பது என் அனுபவம். "குனிஞ்சா நரம்பு அறுந்துரும்னு சொன்னாங்க" என்பார் ஒருவர். "எலும்பு தேய்ஞ்சு போச்சாம், இன்னும் நடந்தா மிச்சமும் தேய்ஞ்சிரும்" என்பார் இன்னொருவர். "பகல்ல வீட்டுல யாரும் இல்ல, விழுந்தா யார் தூக்குவா" என்பார் மூன்றாமவர். மூன்றும் ஒரே பயம் இல்லை. மூன்றுக்கும் ஒரே பதில் சொல்லக் கூடாது.

இதில் முதல் இரண்டையும் விதைத்தவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற மருத்துவத் துறையினர்தான். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, வயதானால் யாருக்கும் தெரியும் மாற்றத்தைக் காட்டி, "தேய்மானம்" என்று ஒரு சொல்லை வீசிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறோம். அந்தச் சொல் அந்தப் பெண்ணோடு வீட்டுக்குப் போகிறது, பத்து ஆண்டு அவளோடு வாழ்கிறது. செமிலிங்கிலிருந்து வந்திருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தச் சொல்லைச் சொல்லுமுன் யோசியுங்கள்.

அச்சம் வெறும் மனநிலை மட்டும் இல்லை, அது உடம்பின் நிற்கும் முறையையே மாற்றிவிடுகிறது. கார்பென்டர், ஃபிராங்க் முதலிய கனடா ஆய்வாளர்கள் உடல்நலம் உள்ளவர்களை உயரமான மேடையின் விளிம்பில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். பயம் வந்ததும் அவர்கள் பின்பக்கம் சாய்ந்தார்கள், கணுக்கால் இறுகியது. நம் அக்கா மேடை விளிம்பில் நிற்கவில்லை, வீட்டுத் தரையில்தான் நிற்கிறார். ஆனால் அவர் உடம்பு நாள் முழுக்க அப்படித்தான் இறுகி நிற்கிறது. இறுக்கினால் தசைக்கு வலி கூடும். கழுத்தைப் பூட்டி வைத்தால் உள்காதுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதது மந்தமாகும். எட்டு சிறுத்தால் எதிர்பாராமல் இடறும்போது காலை எட்டி வைத்துத் தப்பிக்கும் பழக்கம் போய்விடும். தடுமாற்றத்தைத் தடுக்க அவர் செய்யும் ஒவ்வொன்றும் தடுமாற்றத்தை வளர்க்கிறது. 2000-இல் விளாயன், லின்டன் என்ற இருவர் விளக்கிய வட்டமும் இதுதான்: வலி, அச்சம், ஒதுங்கல், பலவீனம், மறுபடி வலி.

இதைத் தோட்டத்துப் பெண்களிடம் விளக்க எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. காண்டா சுமந்தவர்களுக்கு இது தெரியும். தோளில் தடி, இரு முனையிலும் பால் வாளி, மேட்டு நிரையிலிருந்து இறங்க வேண்டும். காலடியில் வேர், ஈரச் சருகு. முழங்காலை இலேசாகத் தளர்த்தி, சிற்றெட்டாக, தடி ஆடும் ஆட்டத்துக்கு உடம்பைக் கொடுத்து நடந்தால் பால் தளும்பாது. "உடம்ப வெறைச்சா பால் கொட்டிரும்மா" என்று ஒரு பாட்டி எனக்குச் சொன்னார். நான் கல்லூரியில் படித்த, நிலைதடுமாறாமல் நிற்க உதவும் கணுக்கால் உத்தி, இடுப்பு உத்தி எல்லாம் அந்த வாக்கியத்துக்குள் இருந்தன. அதிலிருந்து நான் "நேரா நில்லுங்க" என்று சொல்வதை விட்டுவிட்டேன். "காண்டா தூக்கின மாதிரி முட்டிய தளர்த்துங்க" என்கிறேன். சொன்ன உடனே தோள் இறங்குகிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தடுமாறும் எல்லாவற்றையும் ஃபைப்ரோமயால்ஜியாவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பல ஆண்டுச் சர்க்கரை உள்ளங்கால் உணர்வை அரித்திருந்தால் தடுமாற்றம் அங்கிருந்தே வரும். படுக்கையில் புரண்டதும் வீடே சுற்றினால் அது உள்காதின் கற்கள் இடம் மாறியதாக இருக்கலாம். அதைத் தலையைச் சில நிலைகளில் திருப்பிச் செய்யும் சிகிச்சையால் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். எழுந்து நின்றதும் கண் இருண்டால் ரத்த அழுத்தத்தை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். ரத்தசோகை, பி12 குறைவு, தைராய்டு இவையும் பார்க்கப்பட வேண்டியவை. மருந்தையும் மறந்துவிடாதீர்கள். இந்த வலிக்கு எழுதப்படும் பிரிகாபலின் தலைசுற்றலைத் தரக்கூடியது. இரவில் எடுக்கும் அமிட்ரிப்டிலின் மயக்கத்தையும் ரத்த அழுத்த இறக்கத்தையும் தரக்கூடியது. வலி மருந்து தொடங்கிய பிறகு தள்ளாட்டம் கூடியதா என்று கேட்பது டாக்டருக்கு அரை நிமிட வேலை. நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம், சொல்லுங்கள்.

சிகிச்சை பற்றிச் சொல்கிறேன். 2016-இல் ஐரோப்பிய வாதநோய் அமைப்பு இந்த நோய்க்கான பரிந்துரைகளைத் திருத்தியபோது வலுவான பரிந்துரை என்ற தகுதியைப் பெற்றது ஒன்றே ஒன்றுதான், உடற்பயிற்சி. மருந்து ஒன்றுக்கும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை. ஆனால் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும்? அக்கா வீட்டுக்குப் போய் ஒரே நாளில் தாமானை மூன்று சுற்றுச் சுற்றுவார். மறுநாள் எழுந்திருக்க முடியாது. பயம் சரியென்று நிரூபணமாகிவிடும். தீபாவளி சமயத்தில் இதைத்தான் பார்க்கிறோம். ஒரு நல்ல நாள் கிடைத்தால் முறுக்குச் சுற்றி, வீடு கழுவி, திரை மாற்றி, எல்லாம் அன்றே முடித்துவிட்டு அடுத்த நான்கு நாள் படுக்கை. நல்ல நாளில் குறைத்துச் செய்யவும் கெட்ட நாளில் கொஞ்சமாவது செய்யவும் கற்றுத் தருவதுதான் எங்கள் வேலையில் கடினமான பகுதி.

ஸ்வீடனில் 130 பெண்களை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகுதியினர் 15 வாரம், வாரத்துக்கு இரு முறை, எடை தூக்கும் பயிற்சி செய்தார்கள். ஒவ்வொருவரோடும் பிசியோ முதலில் உட்கார்ந்து பேசினார்: எது பயம், எது முடியும், எதில் தொடங்கலாம். தன்னால் தூக்க முடிந்த உச்சத்தில் 40 விழுக்காட்டில் தொடங்கி 80 வரை மெல்ல ஏறினார்கள். வலுக் கூடியது, வலி குறைந்தது. பின்னால் அதே ஆய்வை அலசியபோது, அசைவு பற்றிய அச்சம் குறைந்ததும் அவர்கள் அன்றாட வேலைக்குத் திரும்ப உதவியது என்று தெரிந்தது. அச்சத்தைப் பேசி மட்டும் குறைக்கவில்லை, கையில் எடையைக் கொடுத்துக் குறைத்தார்கள்.

தைச்சி பற்றி பாஸ்டனின் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தில் சென்சென் வாங் செய்த ஆய்வுகள் இரண்டு உண்டு. 2010-இல் 66 பேரோடு 12 வாரம் நடந்தது ஒன்று. 2018-இல் 226 பேரோடு, வழக்கமான உடற்பயிற்சி வகுப்போடு ஒப்பிட்டது இன்னொன்று. தைச்சி அதற்குக் குறையாத, சிலவற்றில் மேலான பலனைத் தந்தது. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றுவது, தலையைத் திருப்புவது, கண் கையைத் தொடர்வது, எல்லாம் சமநிலைப் பயிற்சியே. நம் ஊர்ப் பூங்காக்களில் காலையில் சீனப் பெரியவர்கள் செய்வதைத் தினமும் பார்க்கிறோம். தாராளமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். 2010-இல் 53 பெண்களோடு நடந்த யோகா ஆய்விலும் நல்ல பலன் கிடைத்தது. யோகாவாக இருந்தாலும் தைச்சியாக இருந்தாலும் ஆசிரியர் அவசரப்படாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் வீட்டில் செய்யச் சொல்வதைச் சொல்கிறேன். சமையலறை சிங்க் முன்னால் நில்லுங்கள், பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும், வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சிங்க் விளிம்பில் முழுக்கையையும் ஊன்றாமல் இரண்டு விரலை மட்டும் வையுங்கள். முட்டி தளர்ந்திருக்கட்டும். எடையை வலது காலுக்கு, பிறகு இடது காலுக்கு மாற்றுங்கள். அது பழகியதும் குதிகாலை மெல்லத் தூக்கி இறக்குங்கள். அடுத்த வாரம் ஒரு காலை மறுகாலுக்கு முன்னால், குதியும் விரலும் தொடும்படி வைத்து நில்லுங்கள். பிறகு அப்படி நின்றபடியே தலையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். தலையைத் திருப்புவதுதான் பலருக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருக்கிறது. பிறகு சிங்கில் ஒரு விரல் மட்டும், அதன் பிறகு விரலே இல்லாமல். கண்ணை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசி, அதையும் பிசியோ பார்த்துச் சொன்ன பிறகுதான். செய்து முடித்ததும் வலி சற்றுக் கூடினால் அது பழகாத தசை பேசுவது. மறுநாளைக்குள் அடங்கினால் அதே அளவைத் தொடருங்கள். இரண்டு நாள் நீடித்தால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

முன்னேற்றத்தை வலியை வைத்து மட்டும் அளக்காதீர்கள். வலி மெதுவாகத்தான் இறங்கும், சிலருக்கு முழுதும் இறங்காது. நாங்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். எவ்வளவு நொடி என்று பார்ப்போம். நான் நொடியைவிடத் திரும்பும் இடத்தைக் கவனிப்பேன். முதல் மாதம் ஏழெட்டுச் சிற்றெட்டு வைத்துத் திரும்பியவர், மூன்றாம் மாதம் மூன்றே எட்டில் தலையை முன்னால் விட்டுத் திரும்பினால், வலி இன்னும் இருந்தாலும் அவர் தேறிவருகிறார். அதை அவருக்கு உடனே சொல்ல வேண்டும். இந்தப் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி நல்ல செய்தி கேட்டு வெகுகாலம் ஆகிறது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. "நீ உட்காரு" என்பதை மாற்றுங்கள். "நான் பக்கத்துல இருக்கேன், நீங்க எடுங்க" என்று சொல்லுங்கள். குளியலறையில் சுவரில் ஒரு பிடி பொருத்துங்கள், வழுக்காத விரிப்புப் போடுங்கள், தேய்ந்த சிலிப்பரை இன்றே தூக்கி எறியுங்கள். கணவன்மார்களும் மகன்களும் இதைச் செலவாகப் பார்க்கக் கூடாது. கோயில் நிர்வாகத்தினர் இங்கே சிலர் இருக்கிறீர்கள். பிரகாரத்தில் ஓரமாக ஒரு கைப்பிடிக் கம்பி, ஈரம் துடைக்க ஓர் ஆள், தீபாராதனை நேரத்தில் பெண்கள் பக்கம் நான்கு நாற்காலி. இவ்வளவு இருந்தால் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட பலர் திரும்பி வருவார்கள்.

ஏய்ம்ஸ்ட் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே நான் சொன்ன சமநிலை ஆய்வும் பயிற்சி ஆய்வுகளும் ஓரிகனிலும் ஸ்வீடனிலும் பாஸ்டனிலும் நடந்தவை. வெறுங்காலோடு ஓட்டுத் தரையில் நடக்கிற, தரையில் குந்தி எழுகிற, சர்க்கரையும் கூடவே உள்ள நம் பெண்களின் சமநிலை எப்படி இருக்கிறது என்பதை அந்த ஆய்வுகள் சொல்ல முடியாது. உங்கள் வளாகம் அந்தப் பெண்கள் வாழும் ஊரிலேயே இருக்கிறது. கேள்வித்தாளைப் பேச்சுத் தமிழில் ஆக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பாலாய்ராயா மண்டபத்தில் வாரத்துக்கு இரண்டு மாலை வகுப்பு வையுங்கள். சிங்க் இல்லாவிட்டால் சுவர் போதும்.

இங்கே அமர்ந்திருக்கும் அக்காமார்களே, உடம்பு முழுக்க மூன்று மாதத்துக்கு மேல் வலி இருந்து, நிற்கும்போதோ திரும்பும்போதோ தள்ளுகிறது என்றால், அடுத்த முறை அரசாங்க கிளினிக்குக்குப் போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள், எத்தனை முறை விழப்போய்ப் பிடித்துக்கொண்டீர்கள், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று பிள்ளைகளிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். டாக்டர் வலியைப் பற்றிக் கேட்டு முடித்ததும் அந்தத் தாளைக் கொடுங்கள். பிசியோவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பிசியோவிடம் வரும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே வாருங்கள், நாங்கள் அதையும் பார்க்க வேண்டும்.